உங்கள் இடத்துக்கு ஏற்ற மொபைல் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எந்த நிறுவனத்தின் சிம் சிறந்தது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நீங்கள் உறங்கும் அறையிலும் வேலை பார்க்கும் மேசையிலும் எந்த டவரின் அலை நன்றாக வந்து சேர்கிறதோ, அதுவே உங்களுக்குச் சிறந்தது. நிறுவனங்கள் வெளியிடும் சேவைப் பரப்பு வரைபடங்கள் பெரும்பாலும் கணினிக் கணிப்பின்படி, அதுவும் வெட்டவெளியை மனத்தில் கொண்டு வரையப்படுபவை. எனவே உங்கள் பகுதியில் சேவையே இல்லாத நிறுவனத்தை விலக்குவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். மற்றதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும்போது திரையின் மேல் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு ஃபோன் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்வதால், ஒரே இடத்தில் ஒரு ஃபோன் நான்கு கோடும் மற்றொன்று இரண்டு கோடும் காட்டக்கூடும். சிக்னலின் ஆற்றலைக் குறிக்கும் டிபிஎம் (dBm) என்ற அலகில் வரும் எண்ணே உண்மையான அளவு. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செட்டிங்ஸில் ஃபோனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் பெரும்பாலும் அது கிடைக்கும். ஐஃபோனில் *3001#12345#* என்று அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். 4ஜியில் இந்த எண் -90 அல்லது அதைவிடச் சுழியத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது, -100ஐ ஒட்டி இருந்தால் சமாளிக்கலாம், -115ஐவிடக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறுபடும். பத்து எண் குறைவது சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், -95இல் வந்து சேரும் ஆற்றல் -85இல் வருவதில் பத்தில் ஒரு பங்குதான்.

சிக்னல் வலுவாக இருப்பதாலேயே டேட்டா வேகமும் கிடைத்துவிடும் என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் பிழை. ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால் விடியற்காலையில் விரைந்தோடும் இணைப்பு, அனைவரும் வீடு திரும்பிக் காணொளி பார்க்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தவழத் தொடங்கலாம். ஆகவே வேகச் சோதனையைக் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் வாரநாளிலும் விடுமுறை நாளிலும் செய்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம்களை ஒப்பிடும்போது ஃபோனும் இடமும் சோதனை சர்வரும் (வேகத்தை அளக்க ஃபோன் தொடர்புகொள்ளும் கணினி) ஒன்றாகவே இருக்கட்டும், வைஃபை அணைந்திருக்கட்டும். கிடைத்த எண்களில் மிக உயர்ந்ததைப் பார்க்காமல் மிகத் தாழ்ந்ததைப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் நீங்கள் அன்றாடம் அல்லல்படப்போவது அந்த வேளையில்தான். தெளிவான காணொளி ஓட நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும் என்பதால், ஒரு சமயம் 200 மெகாபிட்டும் மறுசமயம் 1 மெகாபிட்டும் தரும் இணைப்பைவிட எப்போதும் 15 தருவது மேலானது.

பதிவேற்ற வேகத்தையும் தவறாமல் பாருங்கள். பெரிய டவர் பல வாட் ஆற்றலில் அலையை அனுப்புகிறது. உங்கள் ஃபோனோ வழக்கமாக 0.2 வாட் அளவுக்கே திருப்பி அனுப்ப முடியும். அதனால் டவரிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்குக் காணொளி தடையின்றி ஓடும்போதே, வீடியோ அழைப்பில் எதிர்முனையில் இருப்பவருக்கு இவர்களுடைய முகம் உறைந்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்வோரும் இணைய வகுப்பில் சேரும் பிள்ளைகளும் இதனால்தான் பெரிதும் துன்பப்படுகிறார்கள்.

டவர் அனுப்பும் அலையின் அதிர்வெண்ணும் முக்கியம். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் நெடுந்தொலைவு சென்று சுவரையும் ஓரளவு ஊடுருவும். 3500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 5ஜி அலைகள் மிகுந்த வேகம் தந்தாலும் கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியிலும் பெரிதும் வலுவிழக்கும். உள்ளறையில் அதிகம் இருப்பவர் மொட்டைமாடியில் கிடைத்த 5ஜி வேகத்தைக் கண்டு முடிவெடுக்கக் கூடாது. நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளை உங்கள் ஃபோன் ஏற்கிறதா என்பதையும் சரிபாருங்கள். வேறு நாட்டில் வாங்கிய ஃபோனுக்கு இது மிகவும் முக்கியம்.

பழைய எண்ணை உடனே மாற்றிவிட வேண்டாம். குறைந்த கால முன்கட்டணத் திட்டத்தில் புதிய சிம் அல்லது இசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் சிம்) ஒன்றை வாங்கி, இரட்டை சிம் ஃபோனில் இரண்டாவது சிம்மாக வைத்து, ஒரு வாரமாவது டேட்டாவையும் அழைப்பையும் அதன் வழியே செலுத்திப் பாருங்கள். தினசரி அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பதைத் திட்ட விதிகளில் படித்துவிடுங்கள். சொந்த டவர் இல்லாமல் பிறர் டவரில் இயங்கும் நிறுவனம் என்றால், நெரிசல் நேரத்தில் அதன் வாடிக்கையாளருக்கு முன்னுரிமை குறைவாக இருக்கலாம் என்பதால், அந்த ஒரு வாரத்தில் இரவு நேரச் சோதனைகளைக் கூடுதலாகச் செய்யுங்கள்.