பழைய கூரை ஓட்டுக்கு ஜோடி ஓடு தேடுறது எப்பிடி

கொழும்பில இன்னும் ஓட்டுக் கூரையோட பழைய வீடு வச்சிருக்கிறவங்களுக்காக இத எழுதுறன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எண்டு எங்க பாத்தாலும் இதே கதைதான், நாலு ஓடு வெடிச்சு ஒழுகத் தொடங்கும், மேசன் பாஸ் வந்து மேல ஏறிப் பாத்துட்டு "இந்த ஓடு இப்ப வாறதில்ல, எல்லாத்தையும் கழட்டிட்டு ஷீட் போடுவம்" எண்டுவார், வீட்டுக்காரரும் பயத்தில சரி எண்டுடுவாங்க. தயவுசெய்து அவசரப்படாதீங்க. பொருந்துற ஓடு கிடைக்கும். ஆனா நிறத்தப் பாத்துத் தேடினா கிடைக்காது, ஓடும் ஓடும் ஒண்டுக்குள்ள ஒண்டு கொளுவிக்கொள்ளுற பூட்டைப் பாத்துத் தேடணும்.

முதல்ல உங்கட கூரையில என்ன ஓடு எண்டு தெரியணும். வளைஞ்ச அரை உருளையா, ஒண்டு மல்லாந்தும் ஒண்டு கவுந்தும் கிடந்தா அது பீலி ஓடு, சிங்களத்தில சிங்ஹல உளு. தட்டையா, ஒண்டுக்குள்ள ஒண்டு பூட்டிக்கொள்ளுற மாதிரி இருந்தா கள்ளிக்கோட்டை ஓடு, கடையில ரட்ட உளு எண்டு கேட்டா உடன விளங்கும். பீலி ஓட்டுக்கு ஜோடி தேடுறது லேசு, பூட்டு இல்லாதபடியா அகலமும் வளைவும் கிட்டத்தட்டச் சரியா இருந்தாக் காணும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டின பாணியப் பாத்து கனபேர் அஸ்பெஸ்டஸ் ஷீட்டுக்கு மேல பீலி ஓட்டை அடுக்கியிருக்காங்க, அப்பிடியான கூரை ஒழுகினா முக்கால்வாசி பிழை கீழ இருக்கிற ஷீட்டிலதான், அதத்தான் முதல்ல பாக்கணும். அந்த ஷீட்டை காஞ்சபடி வெட்டவோ துளைக்கவோ விடாதீங்க, தூசி நெஞ்சுக்குக் கூடாது.

கஷ்டம் கள்ளிக்கோட்டை ஓட்டிலதான். முழுசா இருக்கிற ஓடு ஒண்டக் கழட்டி, பாசி போகத் தேச்சுக் கழுவி, கவுத்துப் பாருங்க. கீழ்ப்பக்கத்தில பெரும்பாலும் கம்பனிப் பேர் அழுத்தியிருக்கும். பாசல் மிஷன், 1865 எண்டு கிடந்தா, ஐயோ எங்கட கூரை அவ்வளவு பழசா எண்டு நினைச்சிடாதீங்க, அது சுவிஸ் நாட்டு பாசல் மிஷனரிமார் மங்களூர்ல ஓட்டு ஃபெக்டரி தொடங்கின வருஷம், ஓடு சுட்ட வருஷமில்ல. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஃபெக்டரிகள் கொமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போச்சு, அதால கொமன்வெல்த் எண்டு இருந்தா போருக்குப் பிந்தின ஓடு. இந்தப் பேர் ஏன் முக்கியம் எண்டா ஒவ்வொரு ஃபெக்டரிக்கும் அச்சு வேற வேற, தூர நிண்டு பாத்தா எல்லாம் ஒண்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா ஓரத்துக் காடி, அதாவது பூட்டுற பள்ளம், ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே பூட்டாது, பூட்டாத இடத்தால மழை உள்ள வரும்.

அளவெடுக்கிறது ஒரு ஓட்டை மட்டும் வச்சு வேணாம். மண் காயேக்கையும் சூளையில வேகேக்கையும் சுருங்கும், அதால ஒரே அச்சு ஓடே கூடக் குறைய வரும். அஞ்சாறு ஓட்டை நிலத்தில பூட்டி அடுக்குங்க, நல்லா நெருக்கி ஒருக்கா அளங்க, பூட்டு கழராம இழுத்து ஒருக்கா அளங்க. பிறகு கூரைக்குள்ள போய், ஓட்டைத் தாங்குற மரச்சட்டம் இருக்கே, ரீப்பை, அந்த ரீப்பைக்கு ரீப்பை எவ்வளவு தூரம் எண்டும் பாத்துக் குறிச்சுக்கொள்ளுங்க. புது ஓடு இந்த அளவுகளுக்குள்ள நிக்கணும்.

இப்ப எங்க தேடுறது. முதல் இடம் உங்கட வீட்டுப் பின்பக்கம்தான், இத ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. குசினிக்கு மேல, பின் விறாந்தைக்கு மேல இருக்கிற ஓடு அனேகமா அதே காலத்து, அதே கம்பனி ஓடு. அதுகளக் கழட்டி ரோட்டுப் பக்கம் போட்டுட்டு, பின்பக்கத்தை ஒரேயடியா வேற ஓட்டால மூடுங்க, அப்ப ரெண்டு ஜாதி ஓடும் ஒரே சரிவில கலக்காது. அடுத்தது உங்கட ரோட்டிலயே உடைக்கிற வீடுகள், ஒரே காலத்தில கட்டின வீடுகளுக்கு ஒரே ஓடு வந்திருக்கச் சான்ஸ் கூட, தகரம் அடிச்சு மறைச்சிருக்கிறதக் கண்டா அண்டைக்கே போய் உடைக்கிற கொன்ட்ராக்டரிட்ட கேளுங்க, பிந்தினா கூரை முழுக்க லொறியில ஏறிடும். அதுவும் சரிவரேல்ல எண்டா பழைய கதவு ஜன்னல் விக்கிற யாட்டுகள், இல்லாட்டி இக்மன் விளம்பர வெப்சைட். கடைசியாத்தான் புது ஓடு, அதுக்கு வைக்கால், தங்கொட்டுவ, கொச்சிக்கடை பக்கம் போனா மகா ஓயா ஆத்து மண்ணில ஓடு செய்யிற ஆக்கள் இருக்காங்க.

போகேக்க உங்கட ஓடு மூண்டாவது கையோட கொண்டுபோங்க. ரெண்டு ஓட்டுக்கு நடுவில கடை ஓட்டை வச்சு இடமும் பூட்டுதா வலமும் பூட்டுதா எண்டு பாருங்க, மூண்டாவதை மேல வச்சு நீளப்பக்கமும் பாருங்க. ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாத ஓடுதான் கனக்க. "முதலாளி, அஞ்சு நிமிஷம் தாங்க, அடுக்கிப் பாக்கோணும்" எண்டு கேட்டா விடுவாங்க, விடாத இடத்தில வாங்க வேணாம். பிறகு ஒவ்வொண்டா விரல் மூட்டால தட்டிப் பாருங்க, நல்ல ஓடு வெண்கலக் கிண்ணம் மாதிரிக் கணீரெண்டும், உள்ள வெடிச்சது டொக்கெண்டும். சமதரையில வச்சா ஆடுற ஓடு கோணல், தள்ளிவிடுங்க. தேவையானத விடப் பத்துக்கு ஒண்டு கூட எடுங்க, லொறியில படுக்கப் போடாம நிமித்தி அடுக்கச் சொல்லுங்க.

நிறத்துக்குக் கவலைப்பட்டுப் பெயின்ட் அடிக்காதீங்க. கொழும்பு ஈரத்துக்குப் பாசி தானாப் பிடிக்கும், கெதியா வேணுமெண்டா சாணத் தண்ணி தெளிக்கலாம். பூட்டாத ஓட்டை சீமெந்து அப்பி ஒட்டுற பாஸுக்கு மட்டும் இடம் குடுக்காதீங்க, சீமெந்து வெடிச்சா தண்ணி உள்ள நிண்டு ரீப்பை உக்கும், அடுத்தமுறை கழட்டேக்க பக்கத்து ஓடும் சேர்ந்து உடையும்.

வேலைய ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வச்சுக்கொள்ளுங்க, மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினாக் கூரையத் திறக்கேலாது. மிஞ்சின ஓட்டை வித்துடாம மதிலோரமா நிமித்தி அடுக்கி வைங்க, கீழ்ப்பக்கத்து முத்திரைய ஃபோட்டோ எடுத்து வீட்டு உறுதியோட சேர்த்து வைங்க, உங்களுக்குப் பிறகு அந்தக் கூரையில ஏறப்போறவருக்கு அது உதவும்.