தூளிக் கயிற்றின் சத்தம்

மகளுக்கு அப்போது 4 மாதம். தூளிக் கயிறு கிரீச்சிட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அவள் தூங்கிய பிறகும் கண் மூடாது; காரணமின்றி அழுவேன். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்றார்கள். அதை நம்பி 2 மாதம் வீணாக்கியதுதான் இன்றும் வருத்தம்.

ஒரு நள்ளிரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்தேன். கட்டணமில்லை; தமிழிலேயே பேசினார்கள். பிறகு மனநல மருத்துவர் மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவத்தை நிரப்பச் சொன்னார். எனக்கு இருந்தது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பால் கொடுப்பதைச் சொன்னதும் அதற்கேற்ற மாத்திரை எழுதினார்.

அதோடு தூக்கமும் என்னை மீட்டது. இரவு 10 முதல் 3 மணி வரை குழந்தை கணவர் பொறுப்பு. எடுத்துவைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டக் கற்றுக்கொண்டார். முதல் நாள் பாதி அவர் சட்டையில் வழிந்தது. நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன்.