ஆவணத் தளத்தை எப்போது மீண்டும் பில்ட் செய்வது?

திறந்த மூலத் திட்டம் ஒன்றின் ஆவணத் தளத்தை நாளுக்கு ஒருமுறை பில்ட் செய்வதா (அதாவது, மூலக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்குவதா), மணிக்கு ஒருமுறை செய்வதா என்று முடிவெடுக்கும் முன், அந்தத் தளத்தில் வாசகர் காணும் எழுத்து எங்கெங்கிருந்து வருகிறது என்பதைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கையால் எழுதிய பக்கங்கள், நிரலுக்குள் இருக்கும் விளக்கக் குறிப்புகள், மொழிபெயர்ப்புக் கோப்புகள், பிற திட்டங்களின் ஆவணங்களுக்குச் செல்லும் இணைப்புகள், பில்ட் செய்யும் கருவியும் தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீமும் என்று ஏறத்தாழ ஐந்து ஊற்றுகள் தென்படும். இவற்றுள் முதல் இரண்டும் உங்கள் களஞ்சியத்தில் கமிட் (பதிவு செய்யப்படும் மாற்றம்) விழும்போது மட்டுமே மாறுபவை. ஆகவே அவற்றுக்குக் கடிகாரம் தேவையே இல்லை.

முதன்மைக் கிளையில் மாற்றம் இணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் பில்ட் தானாகத் தொடங்குமாறு அமைப்பதே அடிப்படை ஏற்பாடு. ஆவணத் தளங்களை ஏற்றி வழங்கும் ரீட் த டாக்ஸ் போன்ற சேவைகள் வெப்ஹுக் (மாற்றம் நிகழ்ந்ததும் தானாக வந்து சேரும் அறிவிப்பு) வழியாக இதைச் செய்கின்றன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் (கிட்ஹப்பில் பணிகளைத் தானாக இயக்கும் வசதி) சில வரிகளில் எழுதிவிடலாம். ஆவணக் கோப்புறையில் மாற்றம் நிகழ்ந்தால் மட்டும் பில்ட் ஓடட்டும் என்று வடிகட்டி வைப்பவர்கள் பலர். கையேடு முழுவதும் கையால் எழுதப்பட்டது என்றால் அது சரிதான். ஆனால் ஆவணத் தளம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் நீட்சியோ, அதே வகைக் கருவியான டாக்ஸிஜனோ நிரலிலிருந்து பக்கங்களை உருவாக்கும் திட்டங்களில் நிரல் கோப்புறையையும் அந்த வடிகட்டியில் சேர்க்க வேண்டும். இல்லையெனில் ஒரு செயற்கூறின் அளவுரு மாறிய பிறகும் தளம் பழைய வடிவத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிட முக்கியமான பில்ட், வெளியிடப்படாத பில்ட். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (மாற்றத்தை இணைக்கும்படி பங்களிப்பவர் அனுப்பும் கோரிக்கை) ஆவணத்தை முழுமையாக பில்ட் செய்யுங்கள். ஆனால் தளத்தில் ஏற்றாதீர்கள். ஸ்பிங்க்ஸில் எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் தெரிவு உண்டு. அதை இங்கே இயக்கிவிட்டால், பெயர் மாறிய பக்கத்துக்கான உள்இணைப்பு, தவறாக எழுதிய குறியீடு போன்றவை இணைப்பதற்கு முன்பே பிடிபடும். முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடாமல் எல்லாவற்றையும் திரட்டி இறுதியில் தெரிவிக்குமாறும் அமைத்துக்கொண்டால், பங்களிப்பவர் ஒவ்வொன்றாகத் திருத்தித் திரும்பத் திரும்ப அனுப்ப நேராது. வெளி இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்னும் சோதனையை மட்டும் இங்கே வைக்காதீர்கள். எங்கோ ஒரு சர்வர் சற்று நேரம் முடங்கியதற்காக, எழுத்துப்பிழை திருத்த வந்தவரின் புல் ரிக்வெஸ்ட் சிவப்பாக நிற்பது நியாயமில்லை.

ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் இணைக்கப்பட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்டை நிறுத்திவிட்டுப் புதியதை மட்டும் ஓடவிடும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். தளங்களை ஏற்றி வழங்கும் கிட்ஹப் பேஜஸ் மணிக்கு 10 பில்டுகள் என்ற மென்வரம்பை வைத்திருக்கிறது. சொந்தமாக எழுதிய ஆக்‌ஷன்ஸ் வழியே வெளியிட்டால் அந்த வரம்பு பொருந்தாது. அப்படியிருந்தாலும் வீண் பில்டுகளால் எவருக்கும் பயனில்லை.

வெளியீட்டுக்கான பில்ட் எப்போதும் வெற்றுக் கோப்புறையிலிருந்து தொடங்கட்டும். மாறிய மூலக் கோப்புகளை மட்டும் மீண்டும் எழுதுவது ஸ்பிங்க்ஸின் இயல்பு. நீங்கள் ஆவணத்தை எழுதித் திருத்தும்போது அது வேகத்துக்கு உதவும். ஆனால் புதிய பக்கம் ஒன்றைச் சேர்த்தால், மாறாத பக்கங்களின் பக்கப்பட்டியில் அதன் பெயர் வராமல் போகக்கூடும்.

கடிகாரம் தேவைப்படுவது மீதமுள்ள மூன்று ஊற்றுகளுக்கே. மொழிபெயர்ப்புகள் தனிக் களஞ்சியத்திலோ தனித் தளத்திலோ வளர்ந்தால், நாளுக்கு ஒருமுறை அவற்றை இழுத்து பில்ட் செய்வது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஊக்கம் தரும். பிற திட்டங்களின் ஆவண அட்டவணைகள், வெளி இணைப்புகள், கருவிகளின் புதிய பதிப்புகள் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை போதும். இந்த வாராந்தர பில்டும் வெளியீட்டுக்கானதன்று, எச்சரிக்கைக்கானது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் கால அட்டவணை, நீங்கள் வேறு நேர மண்டலம் குறிப்பிடாதவரை, உலகப் பொது நேரப்படி இயங்குகிறது. மணியின் தொடக்கத்தில் நெரிசல் மிகுந்து தாமதம் நேர்வதால், முழு மணியைத் தவிர்த்து 17 அல்லது 43 நிமிடம் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள்கள் எந்தச் செயல்பாடும் இல்லையெனில் அட்டவணை தானாகவே முடக்கப்படும். அமைதியான சிறு திட்டங்களில் இது கண்ணில் படாமல் போவது எளிது.

மாற்றமே இல்லாமல் தினமும் முழுத் தளத்தையும் மீண்டும் ஏற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்ற வரியை ஸ்பிங்க்ஸில் இயக்கினால், இயல்பாக அங்கே வருவது பில்ட் நடந்த நாள்தான். ஈராண்டுகளாக யாரும் தொடாத நிறுவல் வழிகாட்டி நேற்றுத்தான் திருத்தப்பட்டதுபோல் தோன்றினால் வாசகர் அதை நம்பிவிடுவார். அந்த இடத்தில் கமிட் நாளையோ கமிட்டின் குறுங்குறியீட்டையோ இடுவது நேர்மையானது.

வெளியிடப்பட்ட பதிப்புகளின் ஆவணங்கள் வேறு வகை. பதிப்புக்கான டேக் (அந்தப் பதிப்பைச் சுட்டும் அடையாளப் பெயர்) இடப்படும்போது ஒருமுறை பில்ட் செய்து, அந்தப் பதிப்பு ஆதரவில் இருக்கும்வரை அதன் பராமரிப்புக் கிளையில் திருத்தம் விழும்போது மட்டும் மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய கருவிகளின் எண்களைத் துல்லியமாகப் பதிந்து வைப்பது அவசியம். ஏனெனில் இன்றைய ஸ்பிங்க்ஸும் தீமும் பழைய அமைப்புக் கோப்பை ஏற்காமல் போகலாம். ஆதரவு முடிந்த பதிப்பை மீண்டும் பில்ட் செய்ய முயலாமல், முடிவான எச்டிஎம்எல் கோப்புகளை அப்படியே சேமித்து, ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பையும் புதிய பதிப்புக்கான இணைப்பையும் கடைசி பில்டிலேயே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சேர்த்துவிடுங்கள்.