ஸ்பிதிக்குத் தனியாக பைக்கில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற ஆகஸ்டில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலிருந்து திரும்பும் வழியில், குன்சும் கணவாயிலிருந்து இறங்கி, பாத்தலில் உள்ள தாபா ஒன்றில் தேநீருக்காக வண்டியை நிறுத்தியபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பைக் ஒன்று சுவரோரம் நின்றிருந்தது. உள்ளே அதன் சொந்தக்காரர், இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர், தட்டில் இருந்த சோற்றைத் தொடாமல் மேசை மேல் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் மணாலியில் புறப்பட்டவர். இரவு சந்திரதால் ஏரியருகே கூடாரத்தில் தங்குவது அவருடைய திட்டம். "வெறும் தலைவலிதான் அண்ணா, மாத்திரை போட்டுட்டேன், சரியாயிடும்" என்றார். 2014இல் அதே பாதையில், ஏறத்தாழ அதே சொற்களை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம், மழைச்சட்டை, கையுறை பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணாலி வழியாக நுழைந்து, முதல் இரவே சந்திரதாலில் தங்குவது

ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, சிம்லாவிலிருந்து சட்லஜ் ஆற்றை ஒட்டி, கின்னவுர் மாவட்டத்தின் வழியாக வருவது. மற்றொன்று, மணாலியிலிருந்து குன்சும் கணவாயைக் கடந்து வருவது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இரண்டாவது வழி பாதித் தூரமாகத் தெரியும். 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்கும் நேரமும் மிச்சமாகிவிட்டதால், காலையில் மணாலி, மாலையில் சந்திரதால் என்று திட்டமிடுகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. சுரங்கப்பாதை மிச்சப்படுத்துவது தூரத்தைத்தான். உயரம் அப்படியேதான் இருக்கிறது.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சந்திரதால் ஏறத்தாழ 4,250 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். இந்தத் திட்டமோ ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறச் சொல்கிறது. சந்திரதாலில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவரையும் இது விட்டுவைப்பதில்லை. உடற்தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஏறி முடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டுகின்றன என்பதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்று. மாலையில் ஏரிக்கரையில் நின்று படமெடுக்கும்போது உடம்பு நன்றாகவே இருக்கும். 2014இல் அங்கே நானும் நன்றாகத்தான் இருந்தேன். இரவு பதினொரு மணிக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. இரண்டு மணிக்குக் குமட்டல். அதன் பிறகு உறக்கம் இல்லை. விடிந்ததும் எப்படியாவது கிளம்பிவிடலாம் என்று தலைக்கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே இருக்கும் இரண்டு வளையங்களுக்குள் பட்டையை நுழைக்க முயன்றேன். பல ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. எந்த வளையத்தில் முதலில் நுழைத்து எதில் திருப்ப வேண்டும் என்பது அன்று புரியவில்லை. நான்கைந்து முறை முயன்றுவிட்டு, பட்டையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து, அதைத் தொங்கவிட்டபடியே வண்டியில் ஏறப் போனேன்.

முகாமில் சமையல் செய்துகொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். தரையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் தொட அதன் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். அவர் என் வண்டிச் சாவியை எடுத்துத் தம் பையில் போட்டுக்கொண்டு, கீழே போகும் ஜீப்பில் என்னை ஏற்றினார். கோக்சர் வந்து சேர்வதற்குள் தலை ஓரளவு தெளிந்துவிட்டது. பைக்கை மறுநாளைக்கு மறுநாள் ஒரு சிறிய லாரியில் கொண்டுவரப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆனது. பயணம் அங்கேயே முடிந்தது.

இந்தத் தவறு மட்டும் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அந்த இடத்தின் அமைப்பு. மலை நோய்க்கு உண்மையான சிகிச்சை கீழே இறங்குவதுதான். சந்திரதாலிலிருந்து இறங்குவது எளிதல்ல. ஸ்பிதியின் தலைமை ஊரான காசாவுக்குப் போக வேண்டுமானால் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சுமை முதலில் ஏறிக் கடக்க வேண்டும். மணாலிப் பக்கம் திரும்பினால், கற்களும் ஓடைகளும் நிறைந்த பாதையில் பல மணி நேரம் போக வேண்டும். நள்ளிரவில் நோய் முற்றினால் இரண்டுமே சாத்தியமில்லை. தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது: மூளை மங்கும்போது, மங்குகிறது என்று எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. எனவே முடிவுகளை, தலை தெளிவாக இருக்கும்போதே, கீழேயே எடுத்துவிட வேண்டும். "தலைவலியுடன் வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஓட்டாதே, யாரிடமாவது சொல், இறங்கு" என்று எழுதிய ஒரு தாளை நான் இப்போது பெட்ரோல் தொட்டியின் மேல் ஒட்டிவைக்கிறேன்.

சிம்லா வழியாக நுழைந்து மணாலி வழியாக வெளியேறுவதே சரியான திசை. கல்பாவில் (2,960 மீட்டர்) இரண்டு இரவு தங்குங்கள். அடுத்து வரும் நாக்கோ 3,660 மீட்டரில் இருப்பதால், அங்கே மதிய உணவை முடித்துக்கொண்டு, 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கு இறங்கி உறங்குங்கள். 996இல் நிறுவப்பட்ட மடாலயம் அங்கேதான் இருக்கிறது. மண்சுவர்களுக்குள் இருக்கும் ஓவியங்களைப் பார்க்கவே ஒரு நாள் தரலாம். பிறகு காசாவில் இரண்டு இரவுகள். சந்திரதால் கடைசியில் வரட்டும். அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதானால் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டாக அதைக் கருத வேண்டாம். இரவில் மதுவும் தூக்க மாத்திரையும் அறவே கூடாது.

ஆக்சிஜன் கேனை நம்புவது

சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஓடைகளைப் பிற்பகலில் கடப்பது

மணாலிப் பக்கத்தில், கிராம்ஃபுவுக்கும் பாத்தலுக்கும் இடையே பாதையை வெட்டிக்கொண்டு ஓடும் ஓடைகள் பனியாறுகள் உருகி வரும் நீர். இரவுக் குளிரில் உருகுதல் குறைவதால் காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, வெயில் ஏறிய பிறகு முழங்காலைத் தொடும். அடியில் உள்ள கற்களும் உருண்டு இடம் மாறும். காலை பத்து மணிக்குள் இந்தப் பகுதியைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் இன்னொரு வண்டி போவதைப் பாருங்கள். முதல் கியரில், ஒரே சீராக ஆக்சிலரேட்டர் கொடுத்து, எதிர்க்கரையில் கண்ணை வைத்துக் கடக்க வேண்டும். காற்று வடிகட்டிவரை வண்டி நீரில் மூழ்கி இன்ஜின் நின்றுபோனால் அங்கேயே ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

கிலோமீட்டரை வைத்து நாளைக் கணக்கிடுவது

காசாவிலிருந்து மணாலி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். சமவெளியில் நான்கு மணி நேரம் ஆகும். இங்கே லோசர் கிராமத்தைத் தாண்டிய பிறகு மணிக்கு இருபது கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். கின்னவுர்ப் பக்கத்தில் நிலச்சரிவு விழுந்தால் பாதை திறக்க ஒரு நாளும் ஆகலாம். திரும்பும் ரயில் அல்லது விமானச் சீட்டுக்கு முன்னால் குறைந்தது இரண்டு வெற்று நாட்களை விட்டுவையுங்கள். சீட்டைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில்தான், போகக் கூடாத நேரத்தில் ஓடைக்குள் வண்டியை இறக்குகிறார்கள்.

இரவில் ஓட்டுவது

வேண்டாம்.

பெட்ரோல்

காசாவில் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். மணாலிவரை வேறு பங்க்கை நம்பாதீர்கள். முதல் கியரில் ஊரும்போது மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் போய்ச் சேரும் அளவுக்குக் கேனில் கூடுதலாக இருக்கட்டும். ஏடிஎம்மையும் இதே போல நம்ப வேண்டாம். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

கருவிப் பையைத் திறந்தே பார்க்காமல் கொண்டுபோவது

கிளட்ச் கேபிளும் டியூபும் வாங்கிவைத்திருப்பார்கள். பின்சக்கரத்தை ஒருமுறைகூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலில், யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் முறை எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டில் மறைப்பது

பள்ளத்தாக்கின் பல இடங்களில் செல்பேசி இணைப்பு இருக்காது. அன்றிரவு தங்கப்போகும் ஊர், போகும் பாதை, எந்த நேரம்வரை அழைப்பு வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்ற மூன்றையும், சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலிருந்து ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். பாத்தல் இளைஞரிடம் இதைக் கேட்டேன். நண்பர்களோடு மணாலியில் விடுதியில் இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தாராம். கோட்டின் மேல் நடக்கச் சொன்னேன். நேராகத்தான் நடந்தார், ஆனால் பாதியில் வெளியே ஓடி வாந்தி எடுத்தார். அவருடைய பைக்கைத் தாபாவின் பின்புறத்தில் நிறுத்திவைத்து, மணாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேனின் முன்னிருக்கையில் அவரை உட்காரவைத்தோம். சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசவைக்கும்படி ஓட்டுநரிடம் சொன்னேன். பைக் சாவி அந்த இளைஞரிடமே இருந்தது. நான் கேட்டபோது ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் தாபாக்காரரிடம் கொடுத்தார்.