படகைக் கரையேற்றியதும் வண்டியைக் கிளப்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜோசினி அணையில் டைகர் மீன் பிடித்துவிட்டு டர்பனுக்கு வந்த மறுநாள் நங்கூரக் கயிற்றைப் பிரித்தேன். முடிச்சுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தண்டு, வாடாமல் அப்படியே இருந்தது. வேலம்பாசி. தமிழ்நாட்டுக் குளங்களில் அது சாதாரணம், ஆனால் இங்கே வெளியிலிருந்து வந்த களை, ஜோசினியில் 2006-இல்தான் அது இன்னதென்று அடையாளம் கண்டார்கள். இதற்கு விதைகூட வேண்டாம், ஒரு கணு உள்ள துண்டு போதும், அது வேர்விட்டுவிடும். பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த ஞாயிறு அதே கயிற்றை இனாண்டா அணையில் இறக்கியிருப்பேன்.

அதனால் முதல் விஷயம், படகில் ஒட்டியிருப்பதை வீட்டில் போய் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். களைப்பாக இருக்கும், பிள்ளைகள் பசிக்குது என்பார்கள், தெரியும். ஆனாலும் படகை டிரெய்லரில் ஏற்றி, தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி (ஜோசினியில் முதலை உண்டு, கரையோரம் குனிந்து நிற்கிற வேலை வேண்டாம்) அங்கேயே பாருங்கள். ப்ரொப்பெல்லரில் சுற்றியிருப்பது எல்லோர் கண்ணிலும் படும். படாத இடங்கள்தான் ஆபத்து: டிரெய்லரின் உருளைகள், படகு உட்காரும் கம்பளம் சுற்றிய கட்டைகள், நம்பர் பிளேட்டின் பின்பக்கம், வலை, நங்கூரத்தில் ஒட்டிய சேறு. கண்ணால் மட்டும் பார்க்காமல் கையாலும் தடவுங்கள், மணல் மாதிரி நெருடினால் அது குட்டி நத்தையாக இருக்கலாம். ஆசியாவிலிருந்து வந்த ஒரு கூர்முனை நத்தை 1999-இல் குவாசுலு-நட்டாலில் முதலில் தென்பட்டது, அதற்கு ஜோடியே தேவையில்லை, ஒரு நத்தை தனியாகவே குட்டி போட்டுவிடும். பிடுங்கியதைத் திரும்பத் தண்ணீரில் எறியாதீர்கள், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர். படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் ப்ளக்கைக் கழற்றுங்கள், இன்ஜினை நேராக இறக்கி உள்ளே நிற்கும் தண்ணீர் வடியும்வரை விடுங்கள், மீன் போடும் தொட்டி, ஐஸ் பெட்டி, வாளி எல்லாவற்றையும் அங்கேயே புல்தரையில் கவிழ்த்துவிடுங்கள். அலைச்சறுக்குப் படகு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை, பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டி முழுக்கக் காலியாவதே இல்லை. உயிருள்ள மீனை ஓர் அணையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது, அது இரைக்காக இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்தபின் கழுவுங்கள். சூடான தண்ணீர் நல்லது: கயிறு, வலை, லைஃப் ஜாக்கெட் போன்றவற்றை 45 டிகிரி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டால் ஒட்டியிருக்கும் பாசி, நத்தைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். கழுவிய தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குள் போகக் கூடாது, அது நேரே ஆற்றுக்குத்தான் போகும். ஜிக் (ப்ளீச்) ஊற்றலாமே என்று கேட்பார்கள், நான் ஊற்றுவதில்லை, வெயிலே போதும். ஐந்து நாள் காயவிடுங்கள் என்பதுதான் வழக்கமான கணக்கு, ஆனால் டர்பன் ஜனவரியில் துண்டே காய்வதில்லை, சுருட்டிவைத்த கயிறு எங்கே காயும்? எல்லாவற்றையும் விரித்துப் போடுங்கள், தொட்டுப் பார்த்து ஈரம் இல்லாமல் போன பிறகு நாளை எண்ணத் தொடங்குங்கள்.

கனோ (துடுப்புப் படகு) ஓட்டுபவர்கள் இது மோட்டார் படகுக்காரர்கள் பாடு என்று நினைக்க வேண்டாம். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகல், இனாண்டா நான்கும் உம்கெனி ஆற்றில் வரிசையாக இருப்பவை, மேலே ஒன்றில் விழுந்தது கீழே வரும். வீட்டுத் தொட்டியில் ஊதாப் பூவுக்காக ஆகாயத்தாமரை வளர்க்கிற ஆட்களும் நம்மில் உண்டு, அழகுதான், ஆனால் அதன் விதை பல வருடங்கள் சேற்றில் கிடந்தும் முளைக்கும். 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அதைப் பரப்புவது குற்றம்.

ஒரே விடுமுறையில் இரண்டு அணைக்குப் போவதாக இருந்தால் காயவிட நேரம் இருக்காது. அப்போது வரிசையை மாற்றுங்கள், சுத்தமான அணைக்கு முதலில் போய்விட்டு ஜோசினியைக் கடைசியாக வையுங்கள்.