டான் ஃபிளேவினின் டியூப் லைட் கலையைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கலைஞர் டான் ஃபிளேவின் 1963 மே 25 அன்று எட்டடி நீள மஞ்சள் டியூப் லைட் ஒன்றைச் சுவரில் 45 டிகிரி சாய்வாகப் பொருத்தி, அதையே ஒரு கலைப்படைப்பாக வைத்தார். 1996இல் இறக்கும் வரை கடையில் கிடைக்கும் டியூப் லைட்டுகளைத்தான் அவர் பயன்படுத்தினார். பெரும்பாலும் இரண்டு, நான்கு, ஆறு, எட்டடி நீளங்கள், விற்பனையில் இருந்த சில நிறங்கள், அவ்வளவுதான்.

முதல் முறை போகிறவர்கள் பலரும் விளக்கைப் பார்த்தவுடன் வெளியே வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த ஒளி அறையை என்ன செய்கிறது என்பதை. டெக்சஸின் மார்ஃபா என்ற சிற்றூரில், சினாட்டி அறக்கட்டளை என்ற கலை அருங்காட்சியகத்தின் ஆறு பழைய ராணுவக் கட்டடங்களில் இருக்கும் அவருடைய படைப்பை எடுத்துக்கொள்வோம். இறப்பதற்கு முன் அதன் வடிவமைப்பை அவர் முடித்துவைத்தார், அது திறக்கப்பட்டது 2000இல்.

முதல் படி: உள்ளே போனதும் விளக்கைத் தேடாதீர்கள். கட்டடம் 'ப' வடிவம். நீண்ட வெற்று அறையின் இந்த முனையில் நின்றால், அந்த முனையில் நிறம் கசிவதுதான் தெரியும். சுவரில் எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல், தரையில் எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் மெதுவாக நடந்து போங்கள்.

இரண்டாவது: நிறங்கள் சந்திக்கும் இடத்தில் நில்லுங்கள். சாய்வான நடைபாதைகளை மறித்து டியூப் லைட்டுகள் வேலி போல நிற்கும். முதல் கட்டடங்களில் ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, மறுபக்கம் பச்சை. இடைவெளிகள் வழியே மறுபக்கத்து நிறம் இந்தப் பக்கச் சுவரில் விழும். ஒளிக்கு நடுவே கையை நீட்டுங்கள், விளக்கைத் தொடாமல். நிழல் கறுப்பாக விழாது. ஒரு நிறத்தைக் கை மறைக்கும் இடத்தில் மற்ற நிறம் தெரியும்.

மூன்றாவது படிதான் எனக்கு மிகப் பிடித்தது: காத்திருப்பது. பச்சை ஒளியில் சில நிமிடங்கள் நின்றால் அந்தப் பச்சை வெளுத்துக்கொண்டே போகும். விளக்கு மாறவில்லை. கண்ணில் பச்சையை உணரும் செல்கள் சளைத்துவிடுகின்றன. இப்போது திரும்பி ஜன்னலைப் பாருங்கள். பகல் வெளிச்சமே இளஞ்சிவப்பாகத் தெரியும்! யாரும் அங்கே வைக்காத நிறம் அது, உங்கள் கண் உண்டாக்கியது. இதற்காகவாவது அவசரப்படாமல் நில்லுங்கள்.

ஃபிளேவினின் வேறு படைப்புகளில் சிவப்பும் பச்சையும் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நீள விளக்கானாலும் பச்சை அறையையே நிரப்பும், சிவப்பு மங்கலாக இருக்கும். நம் கண் பச்சையை அதிகம் உணர்வது ஒரு முக்கியக் காரணம்.

சுற்றிலும் அமைதியாக இருந்தால் சோக்கின் மெல்லிய இரைச்சலையும் கவனியுங்கள். ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் இடையிடையே வெளியே வந்து போவது நல்லது.

போட்டோ எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் எடுங்கள். போன் கேமரா தானாகவே நிறத்தைச் சமன்செய்து, பச்சை அறையைச் சாம்பலாக்கிவிடும். ஒயிட் பேலன்ஸை 'பகல் ஒளி' என்று நிலையாக வையுங்கள். படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடினால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், சரியாகிவிடும்.