புழல் சிறையிலிருந்து கோர்ட் கட்டணம் கட்டாமல் சிவில் வழக்குத் தொடுப்பது எப்படி?

புழல் சிறையில் இருப்பவருக்கு வெளியிலிருந்து கடன் பாக்கி வரவேண்டியிருந்தாலும், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பாகம் பிரிக்காத குடும்ப வீடு இருந்தாலும், அவர் சிவில் வழக்குப் போடுவதற்குச் சிறைவாசம் தடையல்ல. மலைக்க வைப்பது நீதிமன்றக் கட்டணம்தான். பணம் கேட்டுத் தொடுக்கும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்த கட்டணம் 2017-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது என்றாலும், ஐந்து லட்சம் கேட்பவர் இன்றும் 15,000 ரூபாய் கட்டியாக வேண்டும்.

முதலில் சிறைக்குள் உள்ள சட்ட உதவி மையத்தில் மனுக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருப்பதாக ஆணைக்குழுவுக்குத் தோன்றவேண்டும், அவ்வளவே. குடும்பத்தார் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அந்த வழி அமையாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆவது கட்டளைப்படி வறியவர் மனு, அதாவது வக்கீல்கள் சொல்லும் பாப்பர் மனு, போடவேண்டும். பிராதில், அதாவது வழக்கைத் தொடுக்கும் மனுவில், இருக்கவேண்டிய விவரங்களோடு, உங்கள் அசையும், அசையாச் சொத்துக்களின் பட்டியலையும் உத்தேச மதிப்பையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள். வழக்குக்கு உரிய சொத்தும், ஜப்தி செய்யமுடியாத துணிமணி, பாத்திரம் போன்றவையும் உங்கள் வசதியைக் கணக்கிடும்போது சேராது. ஆனால் எதையும் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். மனுவை மனுதாரரே நேரில் கொடுக்கவேண்டும் என்பது பொதுவிதி என்பதால், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு, விவரம் அறிந்த பிரதிநிதி மூலம் தாக்கல் செய்ய வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

மனுவுக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் மோசடியாகச் சொத்தைக் கைமாற்றியிருந்தாலோ, வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடுக்கச் சட்டப்படியான காரணம், இல்லாவிட்டாலோ, வழக்குச் செலவை வேறொருவர் ஏற்க ஒப்பந்தம் இருந்தாலோ மனு தள்ளுபடியாகும். மறுக்கப்பட்டபின் அதே உரிமைக்காக மீண்டும் வறியவர் மனுப் போடமுடியாது. கட்டணம் கட்டி வழக்காடத் தடையில்லை. தொல்லை தரும் வகையில் நடந்துகொண்டால் கொடுத்த அனுமதியை நீதிமன்றம் திரும்பப் பெறலாம்.

பலர் கவனிக்கத் தவறுவது, இந்தக் கட்டணம் தள்ளிவைக்கப்படுகிறதே தவிரத் தள்ளுபடியாவதில்லை என்பதை. வென்றால் கிடைக்கும் சொத்தின்மீது அரசுக்கு முதல் பாத்தியதை உண்டு. தோற்றால் உங்களையே கட்டச் சொல்வார்கள்.

சிறைக்குள் நடக்கும் கொடுமைகளுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. டெல்லி திகார் சிறைக் கைதி சுனில் பத்ராவின் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது.

தேதியைப் பாருங்கள். காலவரம்புச் சட்டத்தில் சிறைவாசத்துக்குச் சலுகை கிடையாது. கைமாற்றுக் கடனுக்குரிய மூன்று ஆண்டுகள் நீங்கள் உள்ளே இருக்கும்போதும் ஓடும். எதிர்வாதி அரசாக இருந்தால், இரண்டு மாத முன்னறிவிப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்கீழ் அனுப்பிவிட்டே வழக்குப் போடவேண்டும். அந்த இரண்டு மாதம் மட்டும் காலவரம்புக் கணக்கில் கழியும்.